ஃபிஜியின் சுவா நகரில் உள்ள உங்கள் கடை ஊழியர்களின் சேமநிதியில் பாக்கி காட்டுவது ஏன்?

ஊழியர் பங்கு 8%, முதலாளியான உங்கள் பங்கு 10%. 2024 ஜனவரி 1 முதல் ஃபிஜி தேசிய சேமநிதிக்கு மொத்தம் 18% போக வேண்டும். நீங்களோ இரண்டு பக்கமும் 8% கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் 400 டாலர் சம்பளம் என்றால் 32 + 40 = 72 டாலர்; நீங்கள் கட்டியது 64.

அநேகமாக கோவிட் காலச் சலுகையின்போது போட்ட எக்செல் தாள்தான் காரணம். இரண்டு பங்குக்கும் ஒரே கட்டத்திலிருந்து விகிதத்தை எடுக்கும். அதில் 8 என்று மாற்றியதும் இரண்டும் மாறியிருக்கும்.

ஒரு மாதம் கட்டிய தொகையை அந்த மாத மொத்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 0.16 வந்தால் இதேதான். 0.18 வந்தால் கணக்கு சரி, அப்புறம் உறுப்பினர் எண்களில் பிழை உண்டா என்று தேடுங்கள்.

விடுபட்ட 2%-ஐ ஊழியர் சம்பளத்தில் பிடித்துவிடாதீர்கள். அது முழுக்க முதலாளி பணம்.