கீழே விழுந்ததைப் பொறுக்கவும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: சென்னையைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் கீழே விழுந்து கிடக்கும் விதைகளையும் காய்ந்த கட்டைகளையும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா? யாரிடம் கேட்க வேண்டும்? மரத்தை வெட்டப் போவதில்லை, பொறுக்கத்தானே போகிறேன்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "பொறுக்கத்தானே செய்தேன்" என்று ஒரு வனக்காவலரிடம் நானும் சொல்லியிருக்கிறேன், கையில் பையோடு.

நீங்கள் நாட்டு மரக்கன்று வளர்ப்பவர் என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் பால் கவரில் மண் நிரப்பி வைத்திருப்பீர்கள். வேம்பும் புங்கனும் எளிதாகக் கிடைத்துவிட்டன. அடுத்து, எந்த நர்சரியிலும் இல்லாத மரம் ஒன்றின் மேல் ஆசை வந்திருக்கும். எனக்கு அது உலக்கைப்பாலை, சுருக்கமாகப் பாலை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இருந்த குல்மொகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்தன. இரண்டு நாள் தெருவுக்குள் வண்டி வர முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஊர்க் காற்றுக்கு நிற்கிற மரம் எது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார்: பாலை, வீரை, காயா, குருந்து, இரும்புலி. கிண்டியிலும் தென்சென்னையின் சில காப்புக்காடுகளிலும் மிச்சமிருப்பது இந்தக் காடுதான். இவை மெதுவாக வளரும், வளர்ந்துவிட்டால் உறுதியாக நிற்கும். சப்போட்டாவை ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியாகப் பாலையைத்தான் வைக்கிறார்கள் என்றால் அதன் வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2018 ஜூன் மாதம், விடிகாலை. எந்தக் காடு என்று சொல்லப் போவதில்லை, தென்சென்னையில் ஒரு காப்புக்காடு. வேலி ஒரு இடத்தில் பிரிந்திருந்தது, நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் நுழைவார்கள். ஒரு பாலை மரத்தடியில் மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. தின்றால் உதட்டில் பால் ஒட்டும், இனிப்பாக இருக்கும். விதை சப்போட்டா விதையின் தம்பி போல, கருஞ்சிவப்பாகப் பளபளவென்று. முக்கால் மணி நேரத்தில் ஒரு துணிப்பையில் பாதி சேர்த்துவிட்டேன்.

"சார், பையில என்ன?"

பின்னால் காக்கிச் சட்டை. காட்டினேன். மரத்தில் கை வைக்கவில்லை அண்ணே, விழுந்ததைத்தான் பொறுக்கினேன், கன்று போடத்தான் என்றேன்.

"விதையும் வனப்பொருள்தான் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாறையைக் காட்டினார். அதன் மேல் மரநாயின் எச்சம். அதில் பாலை விதைகள் முழுசு முழுசாக இருந்தன. "இது தின்னுட்டு எங்கேயோ போய்ப் போடும், அங்க ஒண்ணு முளைக்கும். வௌவாலும் அப்படித்தான். நீங்க அள்ளிட்டுப் போனா இதுங்க என்ன செய்யும்?" பையைத் திரும்ப அதே மரத்தடியில் கொட்டச் சொன்னார். கொட்டினேன். பெயர், முகவரி எழுதிக்கொண்டு, இனிமேல் வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அபராதம் எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். உங்களுக்கு வேண்டியதும் அதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம். அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், வனப்பொருள் எதையும் சேகரிப்பதும் வெளியே கொண்டுவருவதும் குற்றம். மரத்திலிருந்து பறித்தாயா, தரையிலிருந்து எடுத்தாயா என்ற வித்தியாசம் அதில் கிடையாது. இங்கே முறையான அனுமதி என்றால் மாவட்ட வன அலுவலரிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.

கிண்டி தேசியப் பூங்கா, வேடந்தாங்கல் போன்ற இடங்கள் இன்னும் கடுமை. அவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சரணாலயத்துக்கு 29-ஆம் பிரிவு, தேசியப் பூங்காவுக்கு 35-ஆம் பிரிவு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட எடுக்க முடியாது. அவரும் நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. அப்படி எடுப்பது அங்குள்ள உயிரினங்களின் நன்மைக்கே தேவை என்று அரசு முடிவு செய்ய வேண்டும். அப்படி எடுத்ததைச் சுற்றி வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. ஆய்வுக்கோ படம் எடுக்கவோ உள்ளே போக அனுமதி கிடைத்தால் அது போவதற்கான அனுமதி மட்டும்தான், எதையும் எடுத்துவருவதற்கு அல்ல. கிண்டிப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். சென்னையில் மரம் வளர்க்கும் ஆசை உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒரு பை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"பெரிய மரத்தை வெட்டுகிறவனை விட்டுவிட்டு விதை பொறுக்குகிறவனைப் பிடிக்கிறார்கள்" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். அந்தப் பாறையில் இருந்த எச்சத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படிப் பேச முடியவில்லை.

ஆனால் அன்று காலை இன்னொன்றும் நடந்தது. என் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

நான் வண்டியை எடுக்கும்போது அதே வேலி ஓட்டை வழியாக ஒரு வயதான அம்மா தலையில் விறகுக் கட்டோடு வெளியே வந்தார். இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர். பச்சை மரம் ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை, எல்லாம் வெளுத்துப்போன சுள்ளி. அதே காவலர்தான். என்னிடம் "சார்" என்று பேசியவர் அவரை "ஏய், இறக்கு கட்டை" என்றார். கட்டு இறங்கியது, அரிவாளையும் வாங்கிக்கொண்டார். அதன் பிடி உடைந்து, சைக்கிள் ட்யூபைக் கீறி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த அம்மா எதுவும் வாதாடவில்லை. தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனார். நானும் அதே குற்றத்தைத்தான் செய்திருந்தேன். என்னிடம் இருந்தது துணிப்பை, ஹெல்மெட், கொஞ்சம் இங்கிலீஷ்.

சரி, மனு விஷயத்துக்கு வருகிறேன். "விதை சேகரிக்க அனுமதி வேண்டி" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. தெரிந்த ஒருவரிடம் கேட்டு இரண்டாவது முறை ஒழுங்காக எழுதினேன். என்ன மரம், அதன் தாவரவியல் பெயர், எத்தனை கிலோ, எந்த மாதம், எந்தப் பகுதியில், எங்கே நடப் போகிறோம், விற்க மாட்டோம் என்ற உறுதி, எல்லாம் இருந்தது. நான்கு மாதம் நடந்தேன். கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: தனி ஆளுக்கு விதை எடுக்க அனுமதி தர முடியாது, ஆனால் துறையின் நாற்றங்காலுக்கு விதை சேகரிக்கும்போது பணியாளர்களோடு வந்து உதவலாம், கன்று வந்ததும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆனால் நான் கேட்டதைவிட அது நல்ல ஏற்பாடு என்று போன பிறகு புரிந்தது.

அங்கே ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்ததை நான் தனியாக ஒருநாளும் கற்றிருக்க மாட்டேன். பழத்தை மணலும் தண்ணீரும் சேர்த்துத் தேய்த்துச் சதையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் பூஞ்சையும் வந்துவிடும். வாளித் தண்ணீரில் போட்டால் மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும், அதில் பூச்சி துளைத்திருக்கும். மூழ்கியதை நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பாலை விதை எண்ணெய் விதை, வைத்திருந்தால் செத்துவிடும். வேம்பும் அப்படித்தான், அதிக நாள் தாங்காது. அன்று நான் அள்ளிய பையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் வெயிலில் காயவைத்துப் பாதியைக் கொன்றிருப்பேன். எங்கள் பாத்தியில் நூற்றுக்கு முப்பதுதான் முளைத்தது. அதற்கே அவர் சந்தோஷப்பட்டார்.

எனக்குப் பன்னிரண்டு கன்று கொடுத்தார்கள். எட்டை எங்கள் குடியிருப்பின் பின்பக்க மண்ணில் வைத்தேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று வருடம் கழித்து, இன்னும் முழங்கால் உயரம் தாண்டாத கன்றுகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சிமென்ட் போட்டார்கள், நான்கு கார் நிறுத்த. கூடவே இருபது வருடப் பூவரசு ஒன்றும் போனது, இலை உதிர்ந்து காரின் மேல் விழுகிறதாம். கூட்டத்தில் எதிர்த்தது நானும் மூன்றாம் மாடி அக்காவும்தான். "சார், செடிதானே, வேற வச்சிக்கலாம்" என்றார்கள். ஒரு கன்றுக்காக நான்கு மாதம் அலைந்தவனிடம் சொன்ன வார்த்தை அது. மீதி நான்கு கன்றுகள் என் மாமனார் ஊரில் நன்றாக இருக்கின்றன.

இப்போது கட்டை பற்றி. அதைக் கேட்டு மனு போடவே வேண்டாம் என்பேன். வர்தாவில் சாய்ந்த மரங்கள் காட்டுக்குள் மட்கட்டும். பட்ட மரத்தில்தான் குக்குறுவானும் மரங்கொத்தியும் பொந்து குடைகின்றன, கரையான் தின்று மண்ணாக்குவதில்தான் அடுத்த கன்று முளைக்கிறது. விறகோ வேலைப்பாட்டுக்குக் கட்டையோ வேண்டுமென்றால் சீமைக் கருவேலம் இருக்கிறது. ஏரிகளில் அதை வெட்டி எடுக்க ஏலம் விடுவார்கள், பட்டா நிலத்தில் உரிமையாளரே வெட்டிக்கொள்ளச் சொல்வார். விதைக்கு வேறு வழிகளும் உண்டு. கோயம்புத்தூரில் உள்ள மத்திய அரசின் வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனம் மர விதைகள் விற்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கிய பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் கிடைப்பது கூடியிருக்கிறது. பழைய கோயில் காடுகளில் பூசாரியிடமும் ஊராரிடமும் கேட்டு ஒரு கைப்பிடி எடுக்கலாம். ஒரு கைப்பிடி போதும்.

இது எதுவும் வேண்டாம், காட்டிலிருந்துதான் வேண்டும் என்றால், பாலை பழுக்கும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே மனு கொடுங்கள். "எனக்குக் கொடுங்கள்" என்று கேட்காமல் "உங்கள் நாற்றங்காலுக்கு வேலை செய்ய வருகிறேன்" என்று எழுதுங்கள்.

அந்த நான்கு மாதத்தில் ஒருநாள் அலுவலகத்தில் காத்திருந்தபோது, மூலையில் ஒரு சாக்கு திறந்து கிடந்தது. உள்ளே பிடுங்கிய அரிவாள்கள், இருபதுக்கு மேல் இருக்கும். மேலாகவே கிடந்தது சைக்கிள் ட்யூப் சுற்றிய பிடி. என் மனுவில் கையெழுத்து விழ வேண்டிய நாள் அது. நான் வாயைத் திறக்கவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சுள்ளியும் அடிக்கட்டையும்கூடச் சிறு வன மகசூல் என்கிறது. காட்டை நம்பி வாழும் பழங்குடியினர் அதைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை கேட்கலாம். பழங்குடியினர் அல்லாதவர்கள் என்றால் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். சமூக உரிமைக்கு "ஆ" படிவம், கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பிற்பாடு அந்தப் பக்கம் இரண்டு முறை போய் விசாரித்தேன், குடிசைகளை அகற்றிவிட்டார்கள், எங்கே போனார்கள் என்று பக்கத்துக் கடையில் தெரியவில்லை. நீங்கள் விதைக்காகப் போகும் காட்டின் ஓரத்தில் அப்படி யாராவது இருந்தால், உங்கள் மனுவை எழுதும் அன்றே அவர்களுக்கும் அந்தப் படிவத்தை எழுதிக் கொடுங்கள்.