மழைக்கு முந்தின நாள் மருந்து அடித்த வயல்

நீலகிரி மாவட்டக் கூடலூரின் புத்தூர்வயல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குளோர்பைரிபாஸ் அடித்தேன். மறுநாளே நல்ல மழை. வயலுக்குக் கீழே தம்பியின் மீன் குட்டை இருக்கிறது. தண்ணீரை எப்போது வடிக்கலாம்? வாத்து எப்போது விடலாம்?"

மடையை 7 நாளாவது அடைத்து வையுங்கள். 10 நாள் என்றால் இன்னும் நல்லது. ஜப்பானிலும் மருந்திட்ட நெல்வயலுக்கு 7 நாள் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறார்கள். வாத்து மூன்று வாரம் பொறுக்கட்டும்.

குளோர்பைரிபாஸ் தண்ணீரில் அதிகம் கரையாது. சில நாளில் பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஆவியாகும். அப்போது தண்ணீரில் மருந்து குறைந்திருக்கும், ஆனால் அழிந்திருக்காது. அதனால் தெளிந்த நீரைவிடக் கலங்கல் நீர்தான் ஆபத்து; சேறு ஓடினால் மருந்தும் கூடவே ஓடும். மீனுக்கும் இறாலுக்கும் இது கடும் விஷம்.

அழிய வேண்டுமானால் வெயில், தண்ணீரின் காரத்தன்மை, சேற்று நுண்ணுயிர்கள் மூன்றும் வேலை செய்ய வேண்டும். சமவெளி வயலில் பகல் வெயிலில் பாசி செழித்து பி.எச். அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9 வரை ஏற்றிவிடும். ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 9 உள்ள நீரில் குளோர்பைரிபாஸ் பாதியாகக் குறையச் சுமார் 16 நாள், பி.எச். 7 என்றால் 70 நாளுக்கு மேல். கூடலூரில் தேயிலை செழிக்கிற அமில மண். நீர் கட்டினால் நடுநிலை நோக்கி நகருமே தவிர, ஆடி ஆவணி மூட்டத்தில் அந்தக் கார நிலை வராது. குளிரில் நுண்ணுயிர்களும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆக, மலையில் மருந்து மெதுவாகத்தான் அழியும், தண்ணீரோ சரிவில் நிற்காமல் ஓடும். உங்கள் சிக்கலே இதுதான். இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு பூச்சி மருந்து வெயிலில் சீக்கிரம் உடையும் என்பார்கள். அதுவும் மூட்டத்திலும் பயிர் நிழலிலும் மெதுவாகத்தான் நடக்கும்.

நுண்ணுயிர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். சேதுநாதன் என்ற அறிவியலாளர் பிலிப்பைன்ஸில் டயசினான் என்ற பூச்சி மருந்து இட்ட நெல்வயலிலிருந்து, அதையே தின்று வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1973-இல் அது வெளியானது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால் சில வயல்களில் இவை பெருகி, புழு சாவதற்குள் மருந்து தீர்ந்துவிடும். உடனே அளவைக் கூட்டுகிறோம்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போதே வரப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். மடையை அடைத்தாலும் நண்டு வளை வழியே நீர் சத்தமில்லாமல் கீழே இறங்கும். வளை வாயில் களிமண்ணை உருட்டித் திணித்து, காலால் மிதித்து இறுக்குங்கள். மழை வலுத்தால் நீர் வரப்பைத் தாண்டத்தான் செய்யும். அது குட்டைக்குள் விழாமல் பக்க வாய்க்காலில் திருப்பித் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். அந்த வாய்க்காலும் கடைசியில் பாண்டியாற்றில்தான் சேரும், அதனால் அது அவசரத்துக்கு மட்டும்.

அப்புறம், அடுத்த முறை பத்தில் ஒரு இலையாவது சுருண்டு வெளுத்திருந்தால் மட்டும் மருந்தை எடுங்கள். கதிர் வரும் நேரத்தில் கண்ணாடி இலையில் (கதிருக்குக் கீழே வரும் கடைசி இலை) நூற்றுக்கு ஐந்து. அதற்குக் கீழே சிலந்தியும் குளவியும் பார்த்துக்கொள்ளும்.