பிக்கப்புக்கு எந்த படுதா, எந்த சாஃப்ட் கவர்? கேட்டவங்களுக்கு பதில்

மழை ஆரம்பிச்சாலே படுதா கேள்வியா குவியும். திரும்பத் திரும்ப வர்றதை மட்டும் எடுத்து பதில் போடுறேன்.

அண்ணே, பொலேரோ பிக்கப்ல ஓசூர்ல இருந்து கோயம்பேட்டுக்கு காய்கறி ஓட்டுறேன். கடைல 250 ஜிஎஸ்எம் தார்பாய் போதும்ங்கிறாங்க, பக்கத்து வண்டிக்காரர் பிவிசி தான் நிக்கும்ங்கிறார். எதை வாங்க?

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறது, அவ்ளோதான் தம்பி, எத்தனை நாள் உழைக்கும்னு அது மட்டும் சொல்லாது. கடைக்காரர் காட்டுற 250 பெரும்பாலும் ஹெச்டிபிஇ ரகம் (பிளாஸ்டிக் இழைல நெய்தது), விலை கம்மி, ஒருத்தரே மடிச்சு தூக்கி போட்டுடலாம், ஆனா தினமும் ஹைவே காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே ஓடினா மடிப்பு விழுற இடத்துல மேல் பூச்சு உரிஞ்சு தண்ணி இறங்கும், வெயில்ல கிடந்து கிடந்து மொறுமொறுன்னு ஆகி கிழியும். துணி மேல பிவிசி பிளாஸ்டிக் கோட்டிங் போட்டது 500, 600 ஜிஎஸ்எம்ல வரும், கனம்தான், ஆனா கிழிஞ்சா ஹாட் ஏர் கன் வெச்சு ஒட்டு போட்டு ஓட்டிக்கலாம். தினசரி ஓட்டம்னா பிவிசியே எடுங்க.

ஆனா காய்கறிங்கிறதால ஒண்ணு சொல்லணும். பிவிசில காத்து போகாது, நாலு பக்கமும் இறுக்கி கட்டினா தக்காளியும் கொத்தமல்லியும் உள்ளயே வேர்த்து கோயம்பேடு போறப்ப அழுகல் வாசம் அடிக்கும். மழை இல்லாத ராத்திரில வெறும் ஷேட் நெட் போதும், மழைன்னா மேல படுதா, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் லூசு. பழைய காட்டன் கேன்வாஸ் காத்து விடும்னு பெரியவங்க சொல்றது நிஜம்தான், ஆனா நனைஞ்சா தூக்க ரெண்டு ஆள் வேணும், ஈரத்தோட மடிச்சு வெச்சா பூஞ்சை பிடிச்சு இத்துப்போகும்.

பாடி 9 அடின்னா படுதாவும் 9 அடி போதுமா?

போதாது. லோடு உயரத்தை சேர்க்கணும். பாடி 9க்கு 5.5, சைடு போர்டுக்கு மேல கூடை 3 அடி நிக்குதுன்னு வைங்க. அகலத்துக்கு 5.5 கூட ரெண்டு பக்கமும் 3, அப்புறம் கட்டி இழுக்க பக்கத்துக்கு 1 அடி, ஆக 13.5. நீளத்துக்கும் இதே கணக்கு, 17 வரும். 14க்கு 17 கேளுங்க. சின்ன யானை (டாடா ஏஸ்) வெச்சிருக்கவங்களும் அவங்க பாடியை டேப் வெச்சு அளந்து இதே மாதிரி போட்டுக்கலாம்.

ரெண்டு துண்டா போட்டா முன் துண்டு பின் துண்டு மேல ஏறி இருக்கணும், வீட்டு ஓடு மாதிரி. மாத்தி போட்டா காத்து உள்ள பூந்து பலூனாயிடும்.

துணி நல்லாதான் இருக்கு, கயிறு கோக்குற வளையம் மட்டும் பிச்சுக்குது?

எல்லாருக்கும் இதேதான். துணிக்கு முன்னாடி ஓரம்தான் போகும், அதனால கடைல நடுவுல தடவிப் பாக்காம ஓரத்தைப் பாருங்க. மடிப்புக்குள்ள கயிறு வெச்சு தெச்சிருக்கணும், வளையம் ரெட்டை துணில அடிச்சிருக்கணும், ஒன்றரை அடிக்கு ஒண்ணாவது இருக்கணும். கட்டும்போது கயிறை நேரா கொக்கில இழுக்காம நடுவுல பழைய லாரி டியூப் ரப்பர் ஒரு துண்டு போடுங்க, குலுங்கும்போது இழுவையை அது வாங்கிக்கும்.

இசுசு வி-கிராஸ் வெச்சிருக்கேன், குடும்பத்தோட டூர் போக பின்னாடி பெட்டை (சாமான் ஏத்துற தொட்டி) மூடுற வினைல் சாஃப்ட் கவர் போடலாம்னு. பாய் மாதிரி சுருட்டுற ரோல்-அப்பா, மூணா மடிக்கிற ட்ரை-ஃபோல்டா?

ரெண்டுக்கும் முன்னாடி வண்டில ஸ்போர்ட்ஸ் பார் (கேபினுக்குப் பின்னாடி பெட் மேல நிக்கிற கம்பி) இருக்கான்னு பாருங்க. இருந்தா பெரும்பாலான கவர் உக்காராது, அதுக்குன்னு வெட்டு விட்டதா கேட்டு வாங்கணும். பெட் லைனர் (பெட்டுக்குள்ள போடுற பிளாஸ்டிக் உறை) விளிம்பு மேல ஏறி வர்ற ரகமா இருந்தா கவரைப் பிடிக்கிற கிளாம்ப் பிடிக்காது, அந்த இடத்துல மட்டும் வெட்டி விடணும்.

அப்புறம் விஷயத்துக்கு வரேன். ரோல்-அப்ப கேபின் வரைக்கும் சுருட்டி கட்டிட்டா பைக், ஃபிரிட்ஜ்னு உயரமான சாமான் ஏத்தலாம். ட்ரை-ஃபோல்ட் திறக்க மூட வேகம், ஆனா மடிச்சு வெச்சா கேபின் பக்கம் இடத்தை அடைக்கும், பின் கண்ணாடியும் மறையும். 5 அடி பெட்ல அந்த இடமும் பெருசுதான், அதனால என் ஓட்டு ரோல்-அப்புக்கு.

அதுக்குள்ள லேப்டாப் பேக் வைக்கலாமா? மழை வராதுல்ல?

வைக்காதீங்க. டெயில்கேட் இடுக்கு வழியா கொஞ்சம் தண்ணி வரும், ரப்பர் பீடிங் ஒட்டினா குறையும், அவ்ளோதான். ஒரு பிளேடு இருந்தா எவன் வேணா அறுத்துடலாம், அதனால பார்வைக்கு மறைப்புதான், பூட்டு இல்ல.

கவர் வெளுத்துப்போச்சு, டீசல் போட்டு துடைச்சா பளபளன்னு ஆகும்ங்கிறாங்க?

டீசல், தின்னர் எதுவும் கிட்ட கொண்டு போகாதீங்க, வினைல் விறைச்சு வெடிச்சிடும். ஷாம்பூ தண்ணி, மெத்துனு பிரஷ், நிழல்ல காய விடுங்க. ஓரத்துல வெல்க்ரோ இருந்தா அதுல சிக்கின மண்ணையும் பழைய டூத் பிரஷ் வெச்சு எடுங்க, வெல்க்ரோ ஒட்டலைன்னு தூக்கிப்போடுற பாதி கவர்ல பிரச்சனை அந்த மண்ணுதான்.