சம்பளத்தை நம்பி ஒரு வீடே இருக்கும்போது சொந்தக் கனவைப் பிடித்துக்கொள்வது சுயநலமா?

இல்லை. ஆனால் அந்தக் கனவை வீட்டாருக்குச் சொல்லாமல் ஒளித்து வளர்த்தால், வெளியே வரும் நாளில் அவர்கள் கண்ணுக்கு அது சுயநலமாகத்தான் படும். உழைப்பையும் கனவையும் ஒன்றாகக் கொண்டுபோவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், யாருக்காக உழைக்கிறோமோ அவர்களையே கனவுக்கும் துணை கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. அம்மா, மனைவி, ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் தங்கை. என் கனவு மிருதங்கம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் ஆசிரியர் தரம் வரை சித்தியடைந்து கலாவித்தகர் பட்டம் எடுத்திருக்கிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அரங்கேற்றங்களுக்கு வாசிக்கிறேன். வீட்டு வாடகை கட்டுவது கடைச் சம்பளம்.

வேலையை விட்டுவிட்டுக் கனவின் பின்னால் போ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்தால் போய் இருக்க ஒரு சொந்த வீடாவது உள்ளவர்களுக்கு அது சரிவரலாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைக்க யாரால் முடிந்தது? எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது மாதம் தவறாமல் வந்த சம்பளத்தால்தான். அதோடு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விஷயத்தையும் பாருங்கள். நம் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கும்போது முதலாளி 12 சதவீதம் போடுகிறார், ஈ.ரி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3. தனியாகத் தொழில் செய்யப் போனால் அந்த 15 சதவீதத்தைப் போட ஆள் இல்லை. வேலையை விட நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"முதலில் ஒரு நிலைக்கு வா, பிறகு வாசிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அந்தப் பிறகு வருவதில்லை. சாதகம் (தினப் பயிற்சி) விட்டுப்போன கைக்கு வேகம் திரும்புவது லேசான காரியமும் இல்லை. கொஞ்ச நேரமானாலும் இப்போதே வேண்டும், தினமும் வேண்டும்.

அந்த நேரத்தையும் மற்றவர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எங்களுடையது மேல்மாடி. கீழே ஒரு சிங்கள அன்ரி இருக்கிறார். மிருதங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர முன்பே அவரிடம் போய்க் கதைத்தேன். எட்டு மணிக்கு அவருக்கு டெலிநாடகம். அதனால் ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிப்பதாகப் பேச்சு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு ரவை பிசைந்து அப்பி, வலப்பக்கமான வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதிலேயே அதில் கொஞ்ச நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் கடை போனுக்குப் பதில் சொல்வது மனைவி, தங்கைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது அம்மா. நான் வாசிக்காத நாட்களில் அன்ரி படியேறி வந்து, மகனுக்குச் சுகமில்லையா என்று அம்மாவிடம் கேட்பார்.

மிருதங்கம் வாங்கிய காசு கடைச் சீட்டில் வந்தது. முதலாவது சீட்டு எங்கள் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமி அண்ணருக்கு விழுந்தது. மகனை ஜனவரியில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதுவரை காசு தேவையில்லை என்று தன் முறையை எனக்கு விட்டுத்தந்தார். ஐயர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் மட்டும்தான் கலைக்கு ஆதரவு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் புறக்கோட்டைக்கு வந்து பார்க்க வேண்டும்.

சரி, வீட்டாருக்கு எவ்வளவு கொடுப்பது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாடகை, மருந்து, படிப்புச் செலவு எல்லாம் அவர்களின் உரிமை. அதில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் நம் ஆட்களிடம் இன்னொரு செலவு இருக்கிறது. சொந்தக்காரரின் சாமத்திய வீட்டுக்குப் போட்டிக்கு மொய், பக்கத்து வீட்டார் எடுத்தார்கள் என்று லீசிங்கில் வாகனம், ஆறு கமெராவோடு கலியாணம். பலருடைய கனவைத் தின்றது இந்தப் போட்டிதான், பசி இல்லை. இந்தச் செலவுக்கு மாட்டேன் என்று சொல்வது சுயநலம் ஆகாது. அதை நாங்கள் வீட்டில் உட்கார்ந்து கதைத்துத்தான் முடிவெடுத்தோம். முதலில் அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது சொந்தக்காரருக்குப் பதில் சொல்வதே அவர்தான்.

எழுத்தாளர் டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். இதழைத் தானே கையில் கொண்டுபோய் விற்றார். பிறகு கொழும்புக்கு வந்தும் விடாமல் நடத்தினார். அவர் தொழிலை மறைத்ததும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. கடைக்கு வந்துபோகிறவர்கள் மத்தியிலேயே தன் எழுத்தை வளர்த்த மனிதர்.

உங்கள் கனவு எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் வீட்டில் கதைக்கும்போது "எனக்கு இது பிடிக்கும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு காசு, அந்த நேரத்தில் உங்கள் வேலையை யார் பார்ப்பது, பதிலுக்கு நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். கனவில் வரும் வருமானத்துக்குத் தனிப் புத்தகம் போடுங்கள். எங்கள் வீட்டில் அரங்கேற்றக் காசு மனைவியின் கணக்கில் தனியாக இருக்கிறது. மிருதங்கத்துக்கு மூட்டு (தோல் முகம்) மாற்றுவதும் வார் பிடிப்பதும் அதிலிருந்துதான். போன வருஷம் தங்கையின் ரியூஷன் காசு கட்டக் கொஞ்சம் எடுத்தோம். அடுத்த நிகழ்ச்சிக் காசு வந்ததும் மனைவி அதை முதலில் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தை என் கையில் தந்தார்.