உளைவு என்னும் சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் வசிக்கிறேன். புதுக்குடியிருப்பில் தனித்திருந்த அம்மாவை ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே அழைத்துக்கொண்டேன். அண்ணா 2009இல் காணாமற்போனவர். கால் உளைவு, நெஞ்செரிவு, தலை விறைப்பு என்று அம்மா ஓயாமல் சொல்கிறார். பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை. இது மனம் சார்ந்த நோய் என்று மருத்துவர் கூறியதை நான் மொழிபெயர்த்தபோது, “எனக்கென்ன விசரே?” (பைத்தியமா?) என்று கேட்டவர் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. துயரைத் துயராகச் சொல்ல நம் பண்பாடு நமக்குக் கற்றுத்தரவில்லையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

கற்றுத்தந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நாள் முழுதும் வயலில் நின்றவரின் காலும் உளைகிறது, பிள்ளையைத் தேடுகிறவரின் மனமும் உளைகிறது. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே வினைதான். வயிறெரிவதும் நெஞ்சு கனப்பதும் அப்படியே. அம்மாவின் சொல் ஜெர்மன் மொழிக்குப் போகும்போது கால்வலி மட்டும் போய்ச் சேர, மற்றப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உரிய இயல்பும் அன்று. 1688இல் பாசலில் யோகான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். அவர் காட்டிய நோயாளிகளுள் ஒருவர், பாசலில் படிக்க வந்து காய்ச்சலில் விழுந்து, ஊருக்குப் புறப்பட்டதும் தேறத் தொடங்கிய பேர்ண் இளைஞர். பிற்காலத்தில் தெற்கு ஐரோப்பாவிலிருந்து கூலிவேலைக்கு வந்தோரின் வலியை, ஜெர்மன் பேசும் மருத்துவர் சிலர் ‘மாமா மியா நோய்’ என்று ஏளனமாகக் குறித்தார்கள். தன் ஊரவரிடம் நோயாக மதிக்கப்பட்டது அந்நியரிடம் நடிப்பாகத் தோன்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்திருந்த தாய்மாருடன் பேசியிருக்கிறேன். இறந்தான் என்று அறிந்தால் அந்தியேட்டி செய்யலாம், இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாதபோது தாயின் உடல் எந்த நேரமும் விழித்தே இருக்கிறது. அப்படி ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசையும் தூக்கம் கெட்ட நரம்பும் உண்மையாகவே வலிக்கும். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நம் மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றி, போரின் துயர் உடல்முறைப்பாடுகளாக வெளிப்படுவதைப் பதிவுசெய்திருக்கிறார். ஊரில் அம்மாவுக்கு வற்றாப்பளை அம்மனிடம் வைத்த நேர்த்தியும், தன்னைப் போலவே பிள்ளையைத் தேடும் அயலவரும் இருந்தனர். பேர்ணில் அவருக்கு நீங்கள் ஒருவரே இருக்கிறீர்கள்.

ஆனால் மனநோய் என்ற முடிவோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். வன்னியிலிருந்து வந்த உடலில் எறிகணைச் சிதறல் இன்னும் இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இத்தகைய வலியை மனம் சார்ந்த நோயாகக் கொள்வதற்கு உடற்காரணம் காணப்படாமை வேண்டும் என்ற நிபந்தனையை, அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடும் 2013இல் நீக்கிவிட்டது. ஒருவருக்கு உடற்காரணமும் மனத்துயரும் ஒருங்கே இருக்கலாம்.

அதைவிட முக்கியமாக, இனி நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். மூத்த மகனைப் பற்றி இளைய மகனின் வாயால் எந்தத் தாயும் பேசமாட்டார். ‘விசர்’ என்ற சொல் அவருக்குக் கேட்டதும் உங்கள் குரலில்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளரை, முடிந்தால் ஒரு பெண்ணை, ஒழுங்கு செய்யும்படி மருத்துவமனையிடம் கேளுங்கள். உளைவு எப்போது தொடங்கியது என்பதை அம்மா அவரிடம் சொல்லட்டும். நீங்கள் அறைக்கு வெளியே காத்திருங்கள்.