கிணற்றுத் தண்ணீரில் கழுவியும் எஞ்சின் பூக்கிறதே?

கேள்வி: இறக்கக்கண்டியில் இருந்து தொழிலுக்குப் போகிறோம். ஃபைபர் போட், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தினமும் கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். போட்டைக் களப்பில்தான் கட்டி வைப்போம். அப்படியிருந்தும் தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலில் வெள்ளை பூத்து, பெயின்ற் கொப்பளித்துவிட்டது. பின்பக்கம் பீச்சுகிற தண்ணீரும் மெலிந்துவிட்டது. எங்கள் கிணறு கொஞ்சம் உவர். அதனாலா?

பதில்: கிணற்றின் மேல் பழி போடவேண்டாம். கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரிலும் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் அதிலேயே கழுவுங்கள். முடிந்தால் கடைசி ஒரு வாளி மட்டும் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும்.

நீங்கள் சொல்வது இரண்டு வேறு வருத்தங்கள். தண்ணீர் மெலிந்தது உள்ளே நடக்கிற விஷயம், வெள்ளை பூத்தது வெளியே. இரண்டில் அவசரமானது முதலாவது.

எஞ்சின் ஓடும்போது கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. நிறுத்தியதும் உள்வழிகளில் தங்கிய தண்ணீர் அந்தச் சூட்டில் வற்றி உப்பாகப் படிகிறது. மேலே எத்தனை வாளி ஊற்றினாலும் இந்த உப்பில் ஒரு துளியும் படாது. ஆகவே நல்ல தண்ணீரையும் எஞ்சினே உறிஞ்ச வேண்டும். ஒரு பரலை நிரப்பி எஞ்சின் காலை உள்ளே இறக்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டை தண்ணீர் மூடி நிற்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், மெதுவான ஓட்டத்தில் 10 முதல் 15 நிமிடம் ஓட விடுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டால் பிரயோசனம் குறைவு. தேர்மோஸ்டற் உள்ள எஞ்சினில் அது சூடேறித் திறந்த பிறகுதான் தண்ணீர் எல்லா வழியாலும் சுற்றும். பரலில் உள்ள தண்ணீர் தொடர்ந்து உப்பேறும் என்பதால் இடையில் ஒருமுறை மாற்றுவது நல்லது. மண்ணெண்ணெயை மூடி, பெற்றோலுக்கு மாற்றிய பிறகே நிறுத்துங்கள். அடுத்த நாள் ஸ்ராட் பண்ணவும் அதுதான் வசதி. நிறுத்தியதும் காலை நிமிர்த்தி வைத்தால் உள்ளே தங்கிய தண்ணீர் முழுதாக வடிந்துவிடும்.

தினமும் பரல் நிரப்ப முடியாது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் தொழில் இல்லாமல் எஞ்சின் நிற்கப்போகும் நாட்களுக்கு முன்னாவது இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓடுகிற எஞ்சினைவிட, உப்போடு நிற்கிற எஞ்சின்தான் வேகமாகக் கெடும்.

பீச்சுகிற தண்ணீர் மெலிந்ததற்கு முதலில் அந்தத் துவாரத்தையே பாருங்கள். தடித்த தங்கூசித் (நைலோன் தூண்டில் நூல்) துண்டு ஒன்றை உள்ளே விட்டால் உப்போ மணலோ உதிரக்கூடும். அதிலும் சரிவராவிட்டால் தண்ணீர் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற றபர் இம்பெல்லரைச் சந்தேகப்படுங்கள். கரையில் ஏற்றி இறக்கும் போட்டுகளில் மணல் புகுந்து அதைத் தேய்த்துவிடும். தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒருக்கா' இழுத்து ஸ்ராட் பண்ணிப் பார்த்தாலும் அது கருகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலிவு. சூடேறி இறுகிய எஞ்சினைத் திறப்பது மலிவல்ல. அடைப்பெடுக்கக் கழிவறை கழுவும் அமிலத்தை உள்ளே ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உப்பை மட்டுமல்ல, அலுமினியத்தையும் கரைக்கும்.

இனி வெள்ளை. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது, அடியில் பெயின்ற் நன்றாக இருக்கிறது என்றால் அது வெறும் உப்பு. கொப்புளத்தைச் சுரண்டும்போது மாவு மாதிரி உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அலுமினியமே அரிக்கப்படுகிறது. உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் காலில் ஒரு சாம்பல் நிறக் கட்டி பூட்டியிருக்கும். கடையில் அனோட் என்று கேட்டால் தருவார்கள். உப்புத் தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும்போது, அவற்றில் எளிதில் அரிபடக்கூடிய உலோகம்தான் அரிபடும். அந்த அரிப்பை இந்தக் கட்டி தன் மேல் வாங்கிக்கொள்ளும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இரண்டு வருடமாகியும் புதுக்கட்டி மாதிரியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது வேலை செய்யவில்லை. அழகுக்காக யாரோ அதற்கும் பெயின்ற் அடித்திருப்பார்கள், அல்லது அது பூட்டிய இடத்தில் பெயின்றோ துருவோ நடுவில் நின்று தொடர்பை மறித்திருக்கும். கழற்றி, இரண்டு பக்கமும் வெற்று உலோகம் தெரியத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். நாகக் (சிங்க்) கட்டி கடலுக்குச் சரி. ஆனால் உவர்நீரில் அதன் மேல் ஒரு படலம் படிந்து வேலை நின்றுவிடும். போட் களப்பில் நிற்கிறது என்கிறீர்கள்; மழை காலத்தில் அங்கே நல்ல தண்ணீர் கலக்கும். உங்களுக்கு அலுமினியக் கட்டிதான் பொருத்தம். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மக்னீசியக் கட்டி ஆற்றுக்கு உரியது, கடலில் சீக்கிரம் கரைந்து முடிந்துவிடும். போட்டைக் கட்டி வைக்கும்போது எஞ்சின் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

கொப்பளித்த இடங்களை நல்ல உலோகம் வரும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அலுமினியத்துக்கான பிறைமர் அடித்தபின் பெயின்ற் அடிக்கலாம். பாசிக்கு அடிக்கிற செம்பு கலந்த பெயின்ற் வேண்டவே வேண்டாம், செம்பு அலுமினியத்தைத் தின்னும். ஸ்ரெயின்லெஸ் போல்ட்டுகளை வருடத்துக்கொருமுறை கழற்றி, மரைக்கு மரைன் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். மேல் மூடிக்குள்ளே தண்ணீர் அடிக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அரிப்புத் தடுக்கும் ஸ்பிறே அடித்தால் போதும். பழைய எஞ்சின் ஒயில் பூசுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. றபர் குழாய்களுக்கு அது ஆகாது, மணலையும் உப்பையும் பிடித்து வைக்கும்.

வாடைக்குப் போட்டை ஏற்றும்போது எஞ்சினைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். காற்றோட்டமாக, நிமிர்த்தி வையுங்கள். காபரேற்றரில் உள்ள எண்ணெயை வடித்துவிடுங்கள். கியர் ஒயிலையும் ஏற்றும்போதே மாற்ற வேண்டும், இறக்கும்போது அல்ல. வடிக்கும்போது பால் நிறமாக வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரோடு மாதக்கணக்கில் நின்றால் பெயாரிங்கும் பல்லும் துருவேறிவிடும்.