மயக்கத்தில் கால் இழுத்தால் வலி தெரிந்ததா?

கேள்வி: அப்பாவுக்குத் தொடையில் இருந்த கட்டியை முழு மயக்கத்தில் அகற்றினார்கள். "கத்தி வைத்ததும் காலை இழுத்தார், மருந்தைக் கூட்டினோம்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்கிறார். அப்பாவுக்கு வலி தெரிந்திருக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் தெரிந்திருக்காது. காலை இழுத்தது அப்பா இல்லை, அவருடைய தண்டுவடம்.

தோலில் கத்தி பட்டதும் செய்தி தண்டுவடத்தின் பின்பக்கம் நுழைகிறது. இடையிலுள்ள சில நரம்பணுக்களைத் தாண்டி, முன்பக்கத்து இயக்க நரம்பணுக்களைத் தட்டுகிறது. கால் சுருங்குகிறது. இதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை.

1993இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆட்டின் மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தனியாகப் பிரித்துவிட முடியும்; அதனால்தான் ஆடு. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க ஆவி மருந்து உடம்பு முழுக்கப் போனபோது, கிடுக்கி போட்டாலும் ஆடு அசையாமலிருக்க 1.2 சதவீதம் போதுமாக இருந்தது. மருந்து மூளைக்கு மட்டும் போனபோது 2.9 சதவீதம் தேவைப்பட்டது. அசைவை நிறுத்துவது முக்கியமாகத் தண்டுவடத்தில்தான் நடக்கிறது என்று அப்போது தெளிவானது. நரம்பணுக்கள் ரசாயனங்கள் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அங்கே இந்த மருந்து கிளைசின், காபா என்ற ரசாயனங்கள் வழியாக வரும் தடுப்பைக் கூட்டும், குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் தூண்டலைக் குறைக்கும். இயக்க நரம்பணு மந்தமாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆவி மருந்துகளுக்கு மயக்க டாக்டர்கள் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோலே, கத்தி படும்போது பாதிப் பேர் அசையாமலிருக்கும் அளவுதான். நினைவு தப்ப அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். அதனால் அசைகிறவர் ஆழ்ந்த மயக்கத்திலேயே இருக்கலாம். மறுபக்கம், தசைத் தளர்ப்பு ஊசி போட்டவர் விழித்திருந்தாலும் அசைய முடியாது. அசைவை மட்டும் பார்த்து மயக்கத்தின் ஆழத்தைச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

மயக்கம் தெளியும் நேரத்தில் பாதத்தை மேல்நோக்கி மடக்கினால், சிலருக்கு அது டக் டக்கென்று துடிக்கும். பயிற்சி டாக்டர்கள் வலிப்போ என்று பதறுவார்கள். தண்டுவடம் முந்திக்கொண்டது, அதை அடக்கும் மூளையின் கட்டளை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சில நிமிடங்களில் நின்றுவிடும்.

சரி, அப்பாவிடம் ஒருமுறை கேளுங்கள்: ஆபரேஷன் நடுவே குரலோ வலியோ நினைவிருக்கிறதா? இருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆபரேஷன் என்று ஒன்று வந்தால், அங்கேயும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.